அந்திப்பா குடியிருந்த ஊர்



ஆசியாவின் ஏழு சபைகள் இருந்த பட்டணங்களைப் பார்த்துவரும்படி, சென்ற அக்டோபரில் மும்பையிலிருந்து துருக்கிக்குப் புறப்பட்ட ஒரு குழுவில் அடியேனும் சேர்ந்து சென்றேன். என் பயணச் செலவைச் சபையார் தங்கள் குறைவிலிருந்து சேர்த்துக் கொடுத்தார்கள். திரும்பி வந்தபின், ஏழு இடங்களைப் பற்றியும் எழுதவேண்டும் என்று பலர் கேட்டார்கள். எபேசுவின் பளிங்கு வீதியையும் லவோதிக்கேயாவின் தண்ணீர்க் குழாய்களையும் பற்றி எழுதுவது எளிது. விரும்புகிறவர்கள் அவற்றைப் புத்தகங்களில் வாசித்துக்கொள்ளலாம். நான் பெர்கமுவைப் பற்றி மாத்திரம் எழுதுகிறேன். அங்கே போய்வந்ததினால் எங்கள் சபைக்கு ஒரு நஷ்டம் உண்டாயிற்று. அது இன்னதென்று கடைசியில் சொல்லுகிறேன். இப்பொழுது வேதத்தைத் திறந்து, வெளி. 2:12 முதல் 17 வரையுள்ள வசனங்களை ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள்.

நாங்கள் தங்கியிருந்த இஸ்மிர் நகரம்தான் வேதத்தில் சொல்லப்பட்ட சிமிர்னா. கி.பி. 155ஐ ஒட்டிய ஆண்டுகளில், எண்பத்தாறு வருஷம் கிறிஸ்துவைச் சேவித்த மூப்பராகிய பொலிக்கார்ப்பு அவரைத் தூஷிக்க மறுத்து மரித்தது இவ்வூரில்தான். அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போனால் பெர்கமு. துருக்கியர் அதைப் பெர்காமா என்கிறார்கள். வழியெல்லாம் ஒலிவ மரங்கள். நடுவே அலியாகா என்னும் ஊர் வருகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், பழைய கப்பல்களை உடைக்கும் கரையும் அங்கே உண்டு. எங்கள் குழுவில் தாருகானாவில் கப்பல் உடைக்கும் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு சகோதரர் இருந்தார். அவர் ஜன்னலோரம் எழுந்து நின்று, வேறெந்த இடத்தையும்விட அந்த ஊரையே ஆவலோடு பார்த்தார்!

பெர்காமாவில் இன்றைய ஊர் கீழே இருக்கிறது; பழைய பட்டணம் மலையின்மேல். சமவெளியிலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்துக்கு அந்த மலை தனியாக எழும்பி நிற்கிறது. இரும்புக் கயிற்றில் தொங்கும் பெட்டிகளில் ஏறி மேலே போகலாம். கீழேயிருந்து பார்க்கையில், ராட்சத உருவம் ஒன்று உட்காருவதற்குச் செய்த ஆசனம்போலவே அது தோன்றுகிறது. சாத்தானுடைய சிங்காசனம் என்று கர்த்தர் சொன்னது இந்த மலையையே குறிக்கும் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. வேறு சிலர் மலையின்மேல் இருந்த சேயுஸ் தேவனின் பெரிய பலிபீடத்தைச் சொல்லுகிறார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்தப் பலிபீடத்தின் சிற்பங்களை, 1878ல் தொடங்கிய அகழாய்வில் ஜெர்மானியர் எடுத்து பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். தேவர்களும் அரக்கர்களும் போர் செய்யும் அந்தச் சிற்ப வரிசை நூறு மீட்டருக்கும் அதிக நீளமுடையது. மலையில் மீதியாயிருப்பது படிப்படியான அடித்தளம் மாத்திரமே; அதின்மேல் மரங்கள் வளர்ந்து நிழல் தருகின்றன. நாங்கள் அந்த நிழலில் உட்கார்ந்துதான் தண்ணீர் குடித்தோம்.

இன்னும் சிலர், ரோம இராயனை வணங்கும்படி கட்டிய கோவிலே அந்தச் சிங்காசனம் என்பார்கள். ஆசியா மாகாணத்தில் அவ்வித ஆலயம் எழுப்ப முதன்முதலில் உத்தரவு பெற்ற ஊர் பெர்கமுதான், ஆண்டு கி.மு. 29. பழைய நாணயங்களில் அந்த ஆலயத்தின் உருவம் இருக்கிறது. இன்று மலையுச்சியில் வெண்பளிங்குத் தூண்களோடு நிற்பது அதுவல்ல; அது திராயான் இராயனுக்காகப் பின்னால் கட்டப்பட்டது. சிங்காசனம் எது என்பதில் வேத பண்டிதர் ஒருமனப்படவில்லை. எனக்கும் அதைத் தீர்த்துச் சொல்லும் தகுதியில்லை. ஆனால் இராயனுக்குத் தூபங்காட்டுவது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும்.

பெர்கமுவுக்கு வடகிழக்கே இருந்த பித்தினியா நாட்டின் அதிபதியாகிய பிளினி, கி.பி. 112ஐ ஒட்டி இராயனுக்கு ஒரு கடிதம் எழுதினான். கிறிஸ்தவர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்களை அவன் சோதித்த விதம் அதில் இருக்கிறது. தேவர்களின் பெயரை உச்சரிக்கவேண்டும், இராயனின் உருவத்துக்கு முன்பாகக் கொஞ்சம் தூபவர்க்கமும் திராட்சரசமும் வைக்கவேண்டும், கிறிஸ்துவை நிந்திக்கவேண்டும். அவ்வளவு செய்தவர்கள் விடுதலையாய் வீடு போனார்கள். கவனியுங்கள், ஒரு சிட்டிகை தூபம்! வீட்டுக்குப் போனபின் எவ்வளவு ஜெபித்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

அந்திப்பா அப்படிச் செய்யவில்லை. அவரைப் பற்றி வேதம் சொல்லுவது ஒரே வசனம். அவர் போதகரா, தோல் பதனிடுகிறவரா, குடும்பஸ்தரா, ஒன்றும் நமக்குத் தெரியாது. வெண்கலக் காளையின் வயிற்றில் அடைத்து எரித்தார்கள் என்பது பிற்காலத்துப் பாரம்பரியம். ஆனால் வெளி. 1:5ல் நம் ஆண்டவருக்குச் சொல்லப்பட்டிருக்கிற பட்டத்தை, உண்மையுள்ள சாட்சி என்னும் அதே பட்டத்தை, 2:13ல் கர்த்தர் இந்த மனுஷனுக்குக் கொடுக்கிறார்.

எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி ஒரு துருக்கிய இஸ்லாமிய வாலிபர். நற்குணமுள்ளவர். அவர் சொன்னார்: “உங்களைப்போன்ற குழுக்கள் எத்தனையோ வருகின்றன. எல்லாரும் என்னிடத்தில் சாத்தானின் சிங்காசனம் எங்கே என்று கேட்டுப் படம் எடுக்கிறார்கள். அந்திப்பாவின் வீடு எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை.” நானும் அன்று காலையில் சிங்காசனத்தைத்தான் கேட்டிருந்தேன்.

வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படித்த நாட்களில் மனதில் பதிந்த ஒரு காரியம் அந்த மலையில் எனக்கு நினைவுவந்தது. நீ எங்கே குடியிருக்கிறாய் என்பதை அறிவேன் என்று கர்த்தர் சபைக்குச் சொல்லும் இடத்தில், மூலபாஷையில் உள்ளது கத்தொய்க்கெயோ என்னும் சொல். இரண்டு நாள் தங்கிப் போகிறவனுக்கு வழங்கும் சொல் அல்ல; வீடு வாசலோடு நிலைத்துக் குடியிருப்பதைக் காட்டும் சொல். அந்த வசனத்தின் முடிவில் சாத்தான் அங்கே குடியிருப்பதாகச் சொல்லுகையிலும் அதே சொல்தான்! இருவருக்கும் ஒரே ஊர், ஒரே முகவரி. அப்படியிருந்தும், அந்த ஊரைவிட்டு ஓடிவா என்று கர்த்தர் சொல்லவில்லை.

பிழைப்புக்காகத் திருநெல்வேலியையும் தூத்துக்குடியையும் விட்டு இந்த மாநகரங்களுக்கு வந்த நாம், இருபது வருஷம் ஆன பிறகும், ‘என்றைக்கோ ஊருக்குப் போய்விடுவோம், அதுவரையில் எப்படியாவது ஓட்டுவோம்’ என்று சொல்லிக்கொள்ளுகிறோம். இந்த எப்படியாவது என்ற வார்த்தைக்குள் எத்தனை காரியங்களை நாம் மறைத்துவைக்கிறோம் என்பது கர்த்தருக்குத் தெரியும்.

இறங்கும்போது முழங்கால் வலியுள்ளவர்கள் தொங்கும் பெட்டியில் போனார்கள். நாங்கள் ஆறுபேர் நடந்து இறங்கினோம். மலையின் மேற்குச் சரிவில், பார்த்தாலே தலைசுற்றும் செங்குத்தில் ஒரு அரங்கம் உண்டு. சுமார் 10,000 பேர் உட்காரலாம். அதின் அடியில், மதுவின் தேவனாகிய தியோனீசுக்கு ஒரு கோவில். அதைப் பார்த்துவிட்டுத் தெற்குச் சரிவின் பாதையில் வந்தால், ஜனங்கள் குடியிருந்த பகுதியில், கூரைபோட்டுக் காத்துவைத்திருக்கிற ஒரு கூடம் இருக்கிறது. பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. சுவர்களை ஒட்டி உயர்ந்த மேடை. நடுவே நடக்க இடம். மேடையின்மேல் மெத்தை விரித்துச் சாய்ந்துகொண்டு, தியோனீசின் பக்தர் சங்கத்தார் பந்தியிருந்த கூடம் அது. அவர்கள் தங்களை ‘மாடு மேய்ப்போர்’ என்று அழைத்துக்கொண்டார்கள்; மெய்யாகவே மாடு மேய்த்தவர்கள் அல்ல, ஊரில் மதிப்பாய் வாழ்ந்தவர்கள். கூடம் யோவானின் நாட்களுக்குச் சற்றுப் பிந்தியது. ஆனாலும் அவ்விதப் பந்திகள் அந்த மாகாணத்துப் பட்டணங்களில் அதற்கு வெகுகாலம் முன்பே வழக்கமாயிருந்தன. தொழில் செய்கிறவர்களுக்குச் சங்கம் உண்டு. சங்கத்துக்கு ஒரு தேவன் உண்டு. அந்தத் தேவனுக்குப் படைத்ததே பந்தியில் வரும். பந்திக்கு வராதவனுக்கு வியாபாரம் எப்படி வரும்? மகளுக்கு மாப்பிள்ளை எப்படி வரும்?

பெர்கமு சபையின்மேல் கர்த்தருக்கு இருந்த குறை இந்த இடத்தில்தான். அந்திப்பா கொலையுண்ட நாட்களிலும் அவர்கள் அவருடைய நாமத்தை மறுதலிக்கவில்லை என்று அவரே மெச்சிக்கொள்ளுகிறார். பட்டயத்துக்கு அவர்கள் பயப்படவில்லை, பந்தியில்தான் தளர்ந்தார்கள். பிலேயாமின் போதகம் என்று அதற்குப் பேர். மோவாபின் ராஜாவாகிய பாலாக் இஸ்ரவேலைச் சபிக்கக் கூலி பேசினான், சபிக்க முடியாமற்போயிற்று. பிறகு நடந்தது எண்ணாகமம் 25ல் இருக்கிறது; சாப்பிட வாருங்கள் என்ற அழைப்பு. அது பிலேயாமின் ஆலோசனை என்று 31:16 காட்டிக்கொடுக்கிறது. சாபம் செய்ய முடியாததை ஒரு விருந்து செய்தது.

இதை எழுதும்போது நம்முடைய அயலகத்தாரை நான் பகைவராகக் காட்டுவதாக யாரும் எண்ணவேண்டாம். தீபாவளிக்குப் பலகாரத்தட்டு கொண்டுவரும் பக்கத்துவீட்டு அம்மாள் அன்பினால் கொண்டுவருகிறாள். எங்கள் சபையில் ஒரு சகோதரர் சிறிய வார்ப்படப் பட்டறையில் வேலைசெய்கிறார். தசராவில் இயந்திரங்களுக்குப் பூஜைபோடும் நாளுக்கு முந்தின இரவு, அவர் ஒருவராகவே நின்று எல்லா இயந்திரங்களையும் துடைத்து எண்ணெயிட்டுப் பளபளப்பாக்கிவிடுவார். வேலையை மதிக்காதவன் என்று ஒருவரும் சொல்லக்கூடாது என்பது அவருடைய எண்ணம். மறுநாள் பூஜை வேளையில் வாசலுக்கு வெளியே நிற்பார். படைத்த இனிப்பைக் கொடுக்கும்போது கைகூப்பி, “மன்னியுங்கள், என் விசுவாசம் இது” என்பார். பதினாறு வருஷமாக அப்படித்தான். முதலாளி இன்றைக்கும் சாவியை அவரிடத்தில்தான் ஒப்புவிக்கிறார். ஆனாலும் மேஸ்திரி வேலை அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பேருக்குப் போய்விட்டது. அதைப்பற்றி அவர் சாட்சி சொல்ல எழுந்ததேயில்லை. நானாகக் கேட்டதால் எனக்குத் தெரியும்.

நான் அந்தக் கூடத்தின் மேடையில் உட்கார்ந்தேன். கால் வலித்தது, அவ்வளவுதான் காரணம். உட்கார்ந்தவனுக்கு நினைவுவந்தது அந்தச் சகோதரர் அல்ல, இரண்டு தையல் இயந்திரங்கள்.

சொல்லுகிறேன். எங்கள் சபை ஒன்பது வருஷமாகக் கூடிவந்தது ஒரு தொழிற்பேட்டையின் மாடியில். அப்படிப்பட்ட அறையை இங்கே ‘காலா’ என்பார்கள். ஜெபக்கூடம் என்று கேட்டால் ஒருவரும் கொடுக்கமாட்டார்கள் என்பது அந்நாட்களில் எனக்கு நன்றாய்த் தெரிந்திருந்தது. ஆகவே பதினொரு மாத ஒப்பந்தத்தில், உபயோகம் என்ற இடத்தில், ‘பெண்களுக்குத் தையல் பயிற்சி’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். முற்றிலும் பொய்யல்ல, வியாழக்கிழமைகளில் ஒரு சகோதரி நாலைந்து மாதம் தையல் சொல்லிக்கொடுத்தார். பிறகு அவர் ஊருக்குப் போய்விட்டார். இயந்திரங்கள் இரண்டும் மூலையில் நின்றன. ஒவ்வொரு வருஷமும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அதே வார்த்தையை எழுதினேன். யாராவது பார்க்க வருவதாகத் தெரிந்தால், ஒரு துணியை ஊசியின்கீழ் வைக்கும்படி வாலிபரிடத்தில் சொல்லியிருந்தேன்.

சர்ப்பத்தின் விவேகம் வேண்டும் என்று மத். 10:16ஐ எடுத்து எனக்கு நானே பிரசங்கித்துக்கொண்டேன். அந்த வசனத்தில் புறாவும் உண்டு என்பதை நான் மறந்ததில்லை. வாசிக்கும்போது வேகமாய் வாசித்துவிடுவேன். தேவபிள்ளைகளுக்கு இடம் வேண்டாமா, ஆத்துமாக்கள் முக்கியமல்லவா என்பது என் வாதம். அலுவலகத்தில் பொய்க் கணக்கில் கையெழுத்திட மறுத்து வேலையிழந்த ஒரு வாலிபனுக்காக அதே மாடியில் உபவாசித்து ஜெபித்தோம். அவன் முழங்காலிட்டிருந்தது அந்தத் தையல் இயந்திரங்களின் அருகில்.

மற்றவர்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மேடையைவிட்டு எழுந்திருக்க நேரமாயிற்று.

அன்று மீதிப் பொழுதில் இரண்டு இடங்கள் பார்த்தோம். அஸ்கிலேப்பியு தேவனின் பேரால் இருந்த வைத்தியசாலை ஊருக்குச் சற்று வெளியே இருக்கிறது. நோயாளிகள் அங்கே படுத்துறங்கி, கனவில் மருந்து கேட்பார்களாம். தூணில் சர்ப்பங்கள் செதுக்கியிருக்கின்றன. கி.பி. 129ல் பெர்கமுவில் பிறந்த காலேன் என்ற பேர்பெற்ற வைத்தியர் அங்கே கற்றவர். பிறகு ஊருக்குள், செங்கல்லால் கட்டிய மிகப்பெரிய ஆலயம். எகிப்து தேசத்துத் தேவர்களுக்காகக் கட்டியது. ஒரு காலத்தில் கிறிஸ்தவர்கள் அதற்குள்ளேயே சபையைக் கட்டினார்கள், அதுவும் இடிந்துபோயிற்று. அதின் இரண்டு வட்டக் கோபுரங்களில் ஒன்று இன்றைக்கு மசூதியாக இருக்கிறது. நாங்கள் நின்றபோது அங்கே தொழுகைக்கு அழைத்தார்கள். வழிகாட்டி வாலிபர் தயங்கி, பத்து நிமிஷம் கொடுப்பீர்களா என்று கேட்டுப் போய்த் தொழுதுவிட்டு வந்தார். முதலாளியின் குழுவை வாசலில் நிறுத்திவிட்டுப் போனாரே என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டாயிற்று.

அந்தத் தேசத்தில் இன்று கிறிஸ்துவை அறிக்கை செய்கிறவர்கள் மிகச் சிலர். 2007 ஏப்ரல் 18 அன்று, கிழக்கேயுள்ள மலாட்யா என்னும் நகரில், வேதபுத்தகங்களை வெளியிட்ட அலுவலகத்தில் மூன்று விசுவாசிகள் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார்கள். இருவர் இஸ்லாமிலிருந்து வந்த துருக்கியர், ஒருவர் ஜெர்மானியர். வேதம் அறிய விரும்புகிறவர்களைப்போல நெருங்கிவந்த வாலிபர்களே அதைச் செய்தார்கள். அந்த ஜெர்மானியரின் மனைவி, கொன்றவர்களை மன்னிப்பதாகத் தொலைக்காட்சிக்கு முன்பாகச் சொன்னார்கள். இஸ்மிருக்குத் திரும்பும் வழியில் இதைப் பேருந்தில் ஒருவர் சொல்ல, எல்லாரும் அமைதியானார்கள். நான் ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஒன்றும் பேசவில்லை. நான்காம் நாள் மனைவியிடத்தில் சொன்னேன். “சேட்டிடம் போய்ச் சீக்கிரமாய்ச் சொல்லிவிடுங்கள், ராத்திரி நான் தூங்கவாவது முடியும்” என்றாள். சபை மூப்பரில் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. “பாஸ்டர், ஒன்பது வருஷமாய் யாருக்கும் இடறல் இல்லை. நாற்பது குடும்பத்தை எங்கே கொண்டுபோய் உட்காரவைப்பீர்கள்?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. என்னிடத்தில் பதில் இல்லை.

கட்டட உரிமையாளராகிய சேட் வயதானவர். தேநீர் வரவழைத்துக் கொடுத்து, நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சிரித்தார். “ஞாயிற்றுக்கிழமை பாட்டுச் சத்தம் தெருவரைக்கும் வருகிறது. தையல் மெஷின் பாடாது என்று எனக்குத் தெரியாதா?” என்றார். எனக்கு ஒரு நிமிஷம் பாரம் நீங்கியது. ஆனால் அவர் தொடர்ந்து சொன்னார்: “நீங்கள் சொல்லாதவரையில் நானும் அறியாதவனாயிருந்தேன். மற்ற காலாக்காரர்கள் கேட்டால் தையல் வகுப்பு என்று காகிதத்தைக் காட்டுவேன். இனி என்ன காட்டுவேன்? ஜெபக்கூடம் என்று எழுதி என்னால் கொடுக்கமுடியாது.” கோபமாய்ச் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருந்தது. அதுவரை இருக்கச் சொன்னார். முன்பணத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

நான் சபையில் நின்று இதை அறிக்கை செய்தேன். சிலர் அழுதார்கள். இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போய்விட்டார்கள். அவர்களை நான் குறைசொல்லமாட்டேன். குளிர்சாதனமுள்ள கூடம் அங்கே இருக்கிறது. தையல் இயந்திரங்களில் ஒன்றை ஒரு விதவைச் சகோதரிக்குக் கொடுத்தோம். அவர்கள் இப்பொழுது அதில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறார்கள்.

தற்சமயம் ஒரு விசுவாசியின் வீட்டு மொட்டைமாடியில் தார்ப்பாய் கட்டிக் கூடிவருகிறோம். அவர் அக்கம்பக்கத்தாரிடத்தில் முன்னதாகவே போய், இன்னது நடக்கும், இத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லிவிட்டார். எதிர்ப்பு இதுவரை இல்லை. ஆனால் ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டால் தார்ப்பாய் தாங்காது. ஜெபக்கூடம் என்றே சொல்லி ஐந்து இடங்களில் விசாரித்தோம். ஐந்து இடத்திலும் இல்லையென்றார்கள். வருகிற புதன்கிழமை சாயங்காலம் ஆறாவது இடத்தைப் பார்க்கப் போகிறோம். மறுப்புச் சொன்ன அந்த மூப்பரும் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் ஜெபங்களில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.